மாடிவீட்டு வரியிலே மழலைக்குப் பங்கு எங்கே?

ஆண்டுக்கு இருமுறை வீட்டுவரி கட்டுகிறோம். கட்டும்போது முணுமுணுக்கிறோம், கட்டியபின் மறந்துவிடுகிறோம். கட்டிய பணம் என்னென்ன பெயராலே பிரிகிறது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. இன்று கேட்டுப் பார்ப்போம்.

சென்னை மாநகரிலே சொத்துவரி என்ற ஒரே பெயருக்குள்ளே பொதுவரி இருக்கிறது: தெருவிளக்கு எரிவதற்கும் குப்பை வண்டி ஓடுவதற்கும். கல்விவரி இருக்கிறது: பள்ளிகளுக்கு. இவற்றோடு நூலகவரியும் சேர்கிறது. 1948-ஆம் ஆண்டு, நூலகத் தந்தை என நாடு போற்றும் அரங்கநாதனாரின் அயராத முயற்சியால் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தபோது, வீட்டுவரியில் ரூபாய்க்கு அரையணா புத்தகத்துக்கு என்று வகுத்தார்கள். அந்த அரையணா வளர்ந்து இன்று ரூபாய்க்குப் பத்துக் காசாக நிற்கிறது. ஊர்தோறும் நூலகம் நிற்பதற்கு அந்தக் காசுதான் கடைக்கால்.

தெருவுக்குப் பங்கு உண்டு. பள்ளிக்குப் பங்கு உண்டு. புத்தகத்துக்கும் பங்கு உண்டு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால், பள்ளிக்குப் போகும் வயது வராத பிஞ்சுக்கு? புத்தகத்தைப் புரட்டும் விரல் இன்னும் வலுவடையாத மழலைக்கு? அதற்கென ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றி ஒரு வரி எழுத்தும் இல்லை!

அந்தப் பங்கைத்தான் நாம் கேட்கிறோம். வீட்டுவரியோடு ரூபாய்க்கு ஐந்து காசு, ‘குழந்தைப் பங்கு’ என்று தனியே திரட்டுக. அதைக்கொண்டு அந்தந்த ஊரிலே, அந்தந்த வட்டத்திலே குழந்தைகள் காப்பகமும் முன்பருவக் கல்வியும் நடத்துக. நம் கோரிக்கை இவ்வளவே.

மதிப்பை ஏற்றியவர் யார்?

“வீடு என்னுடையது, பாடுபட்டுக் கட்டினேன். ஊரார் பிள்ளைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். வீடு அவருடையதே, மறுப்பார் யாருமில்லை. ஆனால், ஒரு தலைமுறைக்கு முன்பு இலட்சக் கணக்கிலே விலை பேசிய மனை இன்று கோடிக் கணக்கிலே பேசப்படுகிறதே, அந்த ஏற்றம் எவர் பாடுபட்டதால் வந்தது? மனைக்காரர் உறங்கிக்கொண்டிருந்தபோதும் மனை விலை ஏறியதே! ஊர்ப்பணத்திலே சாலை வந்தது. ஊர்ப்பணத்திலே குடிநீர்க் குழாய் வந்தது. 2015-இல் சென்னையிலே மெட்ரோ இரயில் வந்தது. நிலையத்தின் பக்கத்திலே மனை வைத்திருந்தவர் ஒரு செங்கல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. தூண் எழுந்தது, கூடவே விலையும் எழுந்தது.

1879-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு அறிஞர் ஹென்றி ஜார்ஜ், ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலிலே இதை எடுத்துரைத்தார். நிலத்தின் மதிப்பு உயர்வது உடையவரின் முயற்சியால் அன்று, ஊர் வளர்வதால். ஆகவே அந்த உயர்விலே ஊருக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். அவர் கேட்ட அளவுக்கு நாம் கேட்கவில்லை. ரூபாய்க்கு ஐந்து காசுதான் கேட்கிறோம்.

ஊர் என்றால் யார்? எழும்பும் மாடியின் அடியிலே நின்று பாருங்கள். சும்மாடு கட்டிய தலையிலே செங்கல்லும் கலவையும் ஏற்றிக்கொண்டு சாரப் பலகைமேல் நடக்கிறாளே சித்தாள், அவளும் ஊர்தான். அவள் குழந்தை எங்கே? மணற்குவியலின் ஓரத்திலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய தூளியிலே! காற்றிலே சிமெண்டுத் தூள். அருகிலே, தூளி ஆட்டுவதற்கென்று பள்ளியை விட்ட ஏழு வயது அக்காள். ஒரு பிள்ளைக்குக் காப்பகம் இல்லாததாலே இன்னொரு பிள்ளைக்குப் பள்ளி இல்லாமற் போயிற்று. மாடியின் மதிப்பைத் தலையிலே சுமந்து ஏற்றியவள் அவள். அந்த மதிப்பின்மேல் விழும் வரியிலே அவள் குழந்தைக்குப் பங்கு இல்லை. ஈதென்ன நீதி?

சட்டம் விட்ட இடைவெளி

“சட்டம் இருக்கிறதே!” என்பார்கள். சட்டத்தையும் பார்ப்போம்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு பத்தாண்டுக்குள் முயலவேண்டும் என்றது. ‘எல்லாக் குழந்தைகளும்’ என்ற சொல்லிலே மூன்று வயதுக் குழந்தையும் அடங்கும். 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று, மகிழ்ந்தோம். அதே திருத்தம் ஆறு வயதுக்குட்பட்டவரைத் தனியே பிரித்தது. அவர்களுக்கு உரிமை இல்லை, அரசின் ‘முயற்சி’ மட்டுமே என்று எழுதியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்க்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றது. செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. பெரிய பிள்ளை வழக்கு மன்றம் ஏறலாம். சிறிய பிள்ளை அரசின் நல்லெண்ணத்துக்குக் காத்திருக்கவேண்டும்.

தாய்மாரின் நிலை என்ன? 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலே மகப்பேற்று விடுப்பு இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிசெய்யும் நிறுவனத்திலே காப்பகம் வேண்டும் என்றும் விதி வந்தது. நன்று. ஆனால் பூ விற்பவளுக்கு ஐம்பது பேர் உள்ள நிறுவனம் ஏது? நாலு வீட்டிலே பாத்திரம் தேய்ப்பவளுக்கு எந்த வீட்டு வாசலிலே காப்பகம் திறக்கும்? கட்டடத் தொழிலாளர்க்கென 1996-இல் வந்த சட்டமும் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கே காப்பகம் என்றது. பத்துச் சித்தாள் வேலை செய்யும் கட்டடங்கள்தாம் தெருவுக்குத் தெரு எழும்புகின்றன. பத்துப் பேரின் குழந்தைகள் விதியிலே அடங்கவில்லை. ஆகவே வீதியிலே கிடக்கின்றனர்.

1969-ஆம் ஆண்டு டில்லியிலே காந்தியார் நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டடம் எழுப்பினார்கள். கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் குழந்தைகள் புழுதியிலே கிடக்கக் கண்டார் மீரா மகாதேவன் என்னும் அம்மையார். கூடாரம் ஒன்றிலே அவர் தொடங்கிய காப்பகம், பின்னர் வேலையிடந்தோறும் காப்பகம் நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. ஏழைபங்காளர் எனப் போற்றப்பட்டவரின் விழாவுக்குக் கட்டடம் எழுப்பிய இடத்திலேயே ஏழையின் குழந்தைக்கு நிழல் இல்லை! தனிமனிதர் இரக்கத்தால் கூடாரம் ஒன்று எழும்பலாம். ஊர்தோறும் காப்பகம் எழும்ப ஊர்ப்பணம் வேண்டும்.

கையளவு காசும் கையொப்பமும்

பிள்ளைக்கு ஊர்ப்பணத்திலே செலவிடுவது நமக்குப் புதிதா? இல்லை. 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், வெள்ளுடை வேந்தர் தியாகராயர் தலைமையிலே சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவியது. 1922–23-இல் இப்பள்ளிகளிலே 811 பிள்ளைகள் பயின்றனர். 1924–25-இல் 1,671 பேர்.

பிறகு நடந்தது என்ன? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யலாகாது என்று வெள்ளையர் ஆட்சி தடுத்தது. 1925 ஏப்ரலிலே அடுப்பு அணைந்தது. ஓரளவு மீண்டும் மூட்டப்பட இரண்டாண்டு ஆயிற்று. ஊர் உணவளிக்க விரும்பியது. ஊரிடம் பணமும் இருந்தது. அந்தப் பணத்தின்மேல் கையொப்பம் இடும் உரிமை வேறிடத்திலே இருந்தது. இதற்காகவே திரட்டியது என்று சட்டம் பெயர் சூட்டாத பணத்தை எவரும் தடுக்கலாம், எவரும் திருப்பலாம். அன்று கற்ற பாடம் இது. குழந்தைக்கென நிதி வேண்டும். குழந்தையின் பெயராலேயே வேண்டும்.

அதன்பின் நெடுந்தொலைவு நடந்திருக்கிறோம். 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவு. 1975 அக்டோபர் 2-இல் மைய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், மக்கள் வாயிலே ‘பால்வாடி’ என்று வழங்கும் அங்கன்வாடிகள் தமிழ்நாட்டிலே ஐம்பதாயிரத்துக்கும் மேல் இயங்குகின்றன. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளிலே மழலையர் வகுப்பும் தொடங்கிற்று. இவற்றையெல்லாம் குறைத்துப் பேசுவது நம் நோக்கம் அன்று. பால்வாடி இல்லையேல் ஏழைக் குழந்தைக்கு முட்டையும் இல்லை, பாட்டும் இல்லை, தாழ்வாரமும் இல்லை.

ஆனால் பால்வாடி, இரண்டு வயது நிறைந்த பிள்ளையைத்தான் பகலிலே வைத்துக்கொள்கிறது. அதற்குக் குறைந்த வயதுடையவர்க்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும். வைத்துப் பார்க்கக் கை வராது. தாயின் வேலை முடியுமுன்னே பால்வாடியின் கதவு மூடிவிடும். அங்கே பணிபுரியும் அம்மையாரோ பாடம் சொல்கிறார், எடை பார்க்கிறார், கணக்கு எழுதுகிறார், வீடுவீடாகச் செல்கிறார். கூலியென்று சொல்லாமல் ‘மதிப்பூதியம்’ என்று ஒரு தொகை பெறுகிறார். 2018 அக்டோபரிலே மைய அரசு வகுத்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. 2022 ஏப்ரலிலே உச்சநீதிமன்றம் தலையிட்டு, இவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்களே என்று தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. நாட்டின் நாளைய அறிவை வளர்ப்பவருக்கு மதிப்பைப் பெயரிலே வைத்தார்கள். ஊதியத்திலே வைக்க மறந்தார்கள்!

அந்தக் குறையை நிரப்பத்தான் குழந்தைப் பங்கு. ஆயா ஒருவர் கூடுதலாக வேண்டும். மாலைவரை கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குத் தூளி கட்டிய தனி அறை வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியை வேண்டும். இவற்றிலே எது ஆடம்பரம்?

வீட்டுவரி ஏன்?

வேறு வரி இல்லையா என்று கேட்கலாம். 2017-இல் சரக்கு–சேவை வரி வந்தபின், விற்பனைமீது மாநிலம் தானே வரி வகுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. நிலத்தின்மீதும் கட்டடத்தின்மீதும் வரிவிதிக்கும் உரிமையோ அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலே 49-ஆவது பதிவாக இன்றும் நிற்கிறது. டில்லியின் வாயிலிலே காத்து நிற்கவேண்டாம். நம் சட்டமன்றமே சட்டம் இயற்றலாம். பொருள்மீது வரி போட்டால் ஏழையின் சோற்றிலும் அது விழும். கட்டடத்தின்மீது போட்டால் கட்டடத்தின் அளவுக்கு விழும். பணத்தை ஒளிக்கலாம், மாடியை ஒளிக்க முடியுமோ?

கணக்கையும் பார்ப்போம். அரையாண்டுக்கு 1,000 ரூபாய் வரி கட்டும் வீட்டுக்கு ரூபாய்க்கு ஐந்து காசு வீதம் 50 ரூபாய். மாதத்துக்கு எட்டு ரூபாயும் சில்லறையும். 10,000 ரூபாய் கட்டும் மாளிகைக்கு 500 ரூபாய். சென்னை மாநகராட்சி ஒன்றே ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சொத்துவரி திரட்டுகிறது. ஆயிரம் கோடி என்றே கொண்டாலும் குழந்தைப் பங்கு ஐம்பது கோடி! தனித்தனியே பார்த்தால் தேநீர்க் காசு. திரண்டால் ஒரு நகரத்துக் குழந்தைகளின் காப்பு.

பயன் வருமோ என ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரிலே 1962 முதல் 1967 வரை, வறுமையிலே வாடிய கருப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையிலே ஒரு பகுதியினர்க்கு மட்டும் நல்ல முன்பருவக் கல்வி தந்தார்கள். நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். கல்வி பெற்ற பகுதியினர் பள்ளிப் படிப்பை முடித்தது மிகுதி, பொருளீட்டியது மிகுதி, சிறை வாயில் மிதித்தது குறைவு. 2000-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் குழுவினரும் அங்குச் செலவிட்ட பணம் ஆண்டுக்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை பயன் தந்ததாகக் கணித்தனர். தலையெழுத்து என்று சொல்லித் தட்டிக்கழித்தது ஒரு காலம். பிஞ்சுப் பருவத்திலே நாம் செய்வதும் செய்யாததும் தலையெழுத்தாகிறது என்பது இன்று கணக்கிட்டுக் கண்ட உண்மை.

நியூ ஆர்லியன்ஸ் சொல்லும் பாடம்

வீட்டுவரியிலிருந்து மழலைக்குப் பங்கு என்பது ஏட்டளவுக் கனவன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் 2014-இல் வாக்களித்து, சொத்துவரி மூலம் நான்காண்டுக்கு 5 கோடியே 80 இலட்சம் டாலர் திரட்டி முன்பருவப் பள்ளிகளை ஏற்படுத்தினர். 2018-இல் மீண்டும் வாக்களித்து அதை விரிவாக்கினர்.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2020 டிசம்பரிலே அந்நகர ஆட்சியினர், நூலகத்துக்குச் செல்லும் வரியைக் குறைத்து அதிலே ஒரு பகுதியை மழலைக் கல்விக்குத் திருப்ப முனைந்தனர். மக்கள் ‘கூடாது’ என்று வாக்களித்தனர். குழந்தைமேல் வெறுப்பா? இல்லை. 2022 ஏப்ரல் 30-இல், நூலகத்தைத் தொடாமல் மழலைக்கென்றே தனிவரி கேட்டபோது, அதே மக்கள் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஆதரவளித்தனர். வரிக்கெனக் கணித்த மதிப்பிலே ஆயிரத்துக்கு ஐந்து, இருபதாண்டுக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் டாலர். நகரம் போடும் பணத்துக்கு ஈடாக மாநிலமும் தன் நிதியிலிருந்து பணம் போட வழி இருந்தது. சொந்த வீட்டிலே குடியிருப்பவர்க்கு வீட்டு மதிப்பிலே முதல் 75,000 டாலருக்கு விலக்கு உண்டு. ஆகவே குடிசைக்காரர்மேல் சுமை ஏறவில்லை.

நமக்கு அதிலே மூன்று பாடங்கள். புத்தகத்தின் பங்கைப் பறித்து மழலைக்குக் கொடாதே. சிறுவீட்டை விட்டுவிடு. ஊர் ஒரு ரூபாய் போட்டால் மாநிலமும் ஒரு ரூபாய் போடட்டும்.

“தாய் வீட்டிலே இருக்கட்டும்!”

எதிர்ப்பாளர் வாதங்களிலே முதலாவது, “மேலும் வரியா?” என்னும் கூக்குரல். 2022-இல் வீட்டுவரி உயர்ந்தது, சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயர்விலேயே ஒரு நெறி இருந்தது. சென்னையின் பழைய எல்லைக்குள்ளே 600 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்கு நூற்றுக்கு 50. 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150. சிறிதுக்குச் சிறிது, பெரிதுக்குப் பெரிது. குழந்தைப் பங்கிலே இன்னும் ஒருபடி மேலே செல்வோம்: 600 சதுர அடிவரை விலக்கே அளிப்போம். வீடு ஒன்றே சொத்தாக உள்ள முதியவர்க்கும் விலக்கு அளிப்போம். “வீட்டுக்காரர் வாடகையிலே ஏற்றிவிடுவாரே!” என்றால், ஓரளவு ஏற்றக்கூடும்தான். ஆயினும் மாதம் இருபது முப்பது ரூபாய் வாடகையிலே ஏறினாலும், குழந்தையை நம்பி விட ஓர் இடம் கிடைக்குமானால் குடியிருப்பவள் ஒரு நாள் கூலியிலே அதை மீட்டுவிடுவாள்.

இரண்டாவது வாதம், “எங்கள் வீட்டிலே குழந்தை இல்லையே!” என்பது. தீப்பிடிக்காத வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டிக்குப் பணம் தருவதில்லையா? நூலகப் படி ஏறாதவர் நூலகவரி கட்டுவதில்லையா? தள்ளாத வயதிலே உமக்கு ஊசி போடப்போகும் செவிலி இன்று எந்தத் தூளியிலே கிடக்கிறாள் என்று அறிவீரோ?

மூன்றாவது வாதம்தான் நச்சு வாதம். “குழந்தையை வளர்ப்பது தாயின் கடமை, அவள் வீட்டிலே இருக்கட்டும், காப்பகம் எதற்கு?” என்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். காலையிலே தம் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க ஒரு தாய் வரவேண்டும். தம் தெருவைப் பெருக்க ஒரு தாய் வரவேண்டும். தம் மாடிக்குக் கல் சுமக்க ஒரு தாய் வரவேண்டும். அவர்கள் வராத நாளிலே வசை பாடுபவரே, அவர்கள் வீட்டிலே இருக்கவேண்டும் என்று வாதாடுகின்றனர்! தாய்மையைப் போற்றிக் கவிதை பாடுவார். தாய்க்குக் கூலி கேட்டால் கணக்குப் பார்ப்பார். தாய் கடவுள் என்பார். தாய் குடிமகள் என்றால் முகம் சுளிப்பார்.

நாம் ஒன்று கேட்கிறோம். குழந்தை வளர்ப்பு தாய் ஒருத்தியின் கடமை என்று எந்த அறநூல் சொன்னாலும், அந்த நூலை எழுதியவர் தூளி ஆட்டியவரா? பெண்ணின் படிப்பும் பணியும் முதல் குழந்தையோடு முற்றுப்பெற வேண்டும் என்றால், பெண்கல்விக்கு நாம் பட்ட பாடெல்லாம் எதற்கு? காப்பகம் இல்லாத ஊரிலே பெண்ணுரிமை மேடைப் பேச்சு. காப்பகம் உள்ள ஊரிலே அது நாள்தோறும் காலையிலே நடக்கும் செயல்.

உண்மையான ஆபத்துகள்

எதிர்ப்பாளர் சொல்லாத இரண்டு ஆபத்துகளை நாமே சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பணக்கார ஊரிலே பணம் குவியும். ஏழை ஊரிலே குவியாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே, சான் அந்தோனியோ நகரையொட்டி இரு பள்ளி வட்டங்கள் இருந்தன. எட்ஜ்வுட் வட்டத்திலே ஏழை மெக்சிக்க இனத்தார் மிகுதி. 1967–68-இல் அங்கே நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் பள்ளிவரி. செல்வர் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் வட்டத்திலே 85 சென்ட்டுதான். ஏழை கூடுதல் விகிதத்திலே கட்டினார், பயன்? எட்ஜ்வுட்டிலே உள்ளூர் வரியிலிருந்து பிள்ளைக்கு 26 டாலர் கிடைத்தது. அலமோ ஹைட்ஸிலே 333 டாலர்! பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே, இது அரசியல் சட்டத்துக்கு முரண் அன்று எனத் தீர்ப்பளித்தது.

அந்த அநீதியை நாம் இறக்குமதி செய்யவேண்டாம். அடையாற்று மாளிகை தரும் பங்கு அடையாற்றோடு நின்றுவிடக் கூடாது. ஓட்டுவீடுகளே நிறைந்த ஊராட்சியின் குழந்தைக்கும் அது செல்லவேண்டும். ஆகவே, திரளும் தொகையிலே பாதி அந்தந்த ஊரிலே தங்கட்டும். தம் பணம் தம் கண்முன்னே கட்டடமாவதை மக்கள் காணட்டும். மறுபாதி மாநிலப் பொதுநிதிக்குச் செல்லட்டும். மாநில அரசு அதற்கு ஈடான தொகையைச் சேர்த்து, ஏழை ஊர்களுக்குக் குழந்தைகளின் எண்ணிக்கைப்படி பகிரட்டும்.

இரண்டாவது ஆபத்து, திரட்டிய பணம் திசைமாறுவது. நூலகவரியைத் திரட்டிய உள்ளாட்சி மன்றங்கள் அதை நூலகத்துக்கு உரிய காலத்திலே செலுத்தாமல் நிலுவை வைத்த செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். புத்தகம் பொறுத்துக்கொண்டது. மழலை பொறுக்குமா? மூன்று வயது ஒருமுறைதான் வரும். நிலுவை தீரும்வரை அது காத்திராது. எனவே, குழந்தைப் பங்கு திரண்ட மாதமே தனிக் கணக்கிலே சேரவேண்டும். தெருவிளக்குக்கோ விழாப் பந்தலுக்கோ அதைத் திருப்புவது குற்றம் எனச் சட்டம் சொல்லவேண்டும். வட்டந்தோறும் குழு ஒன்று வேண்டும். அதிலே பாதிக்குமேல் காப்பகத்தைப் பயன்படுத்தும் தாய்மார் இருக்கவேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று காப்பகத்தின் வாசற்பலகையிலே மாதந்தோறும் எழுதி வைக்கவேண்டும். வரி கட்டியவரும் படிக்கட்டும். குழந்தையை விட வந்தவளும் படிக்கட்டும்.

செய்யவேண்டியது

சட்டமன்றத்தார்க்குச் சொல்கிறோம்: நூலகத்துக்கு 1948-இல் செய்ததை மழலைக்கு இன்று செய்க. நகர்மன்றத்தார்க்குச் சொல்கிறோம்: சட்டம் வரட்டும் என்று காத்திராமல், குழந்தைப் பங்கு வேண்டுமெனத் தீர்மானம் இயற்றி அனுப்புக. 1920-இல் ஒரு மாநகராட்சி மன்றம் வழிகாட்டியது. ஓரணாவிலே தொடங்கியது இன்று மாநிலம் முழுதும் உணவாகப் பரவி நிற்கிறது. மாடிவீட்டார்க்குச் சொல்கிறோம்: உம்மிடம் கேட்பது கருணையை அன்று, உம் மனைக்கு ஊர் தந்த மதிப்பிலே ஊர்க் குழந்தைக்கு உரிய சிறு பங்கை.

தோழர்களே! வரி என்றால் வசை என்று பழகிவிட்டோம். எதற்கு வரி, எவர்மேல் வரி, எவர் கையிலே வரி என்று கேட்கப் பழகுவோம். அடுத்த நகர்மன்றத் தேர்தலிலே வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையைக் கேளுங்கள், சாக்கடையைக் கேளுங்கள், அதோடு நில்லாது, “எங்கள் வட்டத்திலே இரண்டு வயதுப் பிள்ளையைப் பகல் முழுதும் வைத்துப் பார்க்க இடம் எங்கே?” என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவர்க்கு உங்கள் வாக்கு எதற்கு?